வெளுத்த ப்ளக்

அவர் உட்கார்ந்து ஒரு டீயை முழுதாகக் குடித்து நான் பார்த்ததே இல்லை. கிளாஸை வாயருகே கொண்டுபோவார், ஒரு மடக்கு உள்ளே போகும், அதற்குள் சாலையில் ஏதாவது ஒரு வண்டி போகும். கிளாஸ் பெஞ்சின்மேல் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். டீக்கடை நைனா மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றும்போதெல்லாம், "இனிமே இந்த மனுசனுக்கு அரை டீதான் போடணும், பாலாவது மிஞ்சும்" என்பார். ஆனால் மறுபடியும் முழு டீதான் போடுவார்.

உத்திரமேரூரில் வந்தவாசி சாலையில் என் தையல் கடையும் அவருடைய மெக்கானிக் ஷெட்டும் ஒரே தகரத் தடுப்புக்கு இரண்டு பக்கமும் இருந்தன. எனக்கு அவர் மெக்கானிக் அண்ணன். பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போதும் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பக்கம் அவர் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இந்தப் பக்கம் என் பாபின் டப்பா நடுங்கும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். கத்திரிக்கோலால் தகரத்தைத் தட்டுவேன்.

"அண்ணா! நான் ஜாக்கெட்டு தைக்கறதா, இல்ல உன்கூட சேந்து வண்டி ஓட்டறதா?"

"ரெண்டே நிமிசம்மா. ஐட்லிங் நிக்கமாட்டேங்குது."

அவருடைய இரண்டு நிமிடம் மதியச் சாப்பாடு வரைக்கும் போகும். சாப்பாடு கொண்டுவரும் அண்ணி தூக்கை வைத்துவிட்டு என் கடைக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். "ஊர்ல போற வண்டி ஒவ்வொண்ணும் இன்னா பேசுதுன்னு இவருக்குக் கேக்கும். வூட்ல நான் தொண்டை கிழிய கத்தனா கேக்காது" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அந்தச் சிரிப்பில் பாதி அலுப்பு.

ஒல்லியான ஆள். நின்றால் ஒரு காலில் நிற்பார், உட்கார்ந்தால் அந்தக் கால் ஆடும். பேசும்போது உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார், உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கும் சாலையைப் பார்ப்பார். முதன்முதலில் பார்ப்பவர்கள் திமிர் பிடித்தவர் என்று நினைப்பார்கள். திமிர் இல்லை. அவர் காது உங்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

ஒருமுறை அண்ணியின் அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்க்க அவர்கள் இரண்டு பேரும் வாலாஜாபாத் பஸ்ஸில் போனார்கள், நூல் வாங்க நானும் அதே பஸ்ஸில். திருமுக்கூடல் பாலத்தில் எதிரே லாரி வந்ததால் பஸ் ஊர்ந்தது. அப்போது ஒரு பைக் எங்களைத் தாண்டிப் போனது. ஓட்டியவன் ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சர், எண்ணெயில் விழுந்த கடுகு போலப் படபடவென்று வெடித்தது. அண்ணன் எழுந்துவிட்டார். கண்டக்டர் விசில் ஊதக்கூட இல்லை. பாதி ஓட்டத்திலேயே குதித்து, பாலத்தின்மேல் கையை ஆட்டிக்கொண்டே ஓடினார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அண்ணி மட்டும் பார்க்கவில்லை. "வரும்போது வரட்டும். நான் போயி கொயந்தைக்கு சட்டை குடுத்துட்டு வரேன்" என்றார், மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டே.

அதுகூடப் பரவாயில்லை. ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து, சாம்பாரைப் பிசைந்து, இரண்டாவது வாய்க்குப் போகும்போது வெளியே படபட. எழுந்து எச்சில் கையோடு ஓடினார். வெளியே போய்ப் பார்த்தால் பட்டாசு. மாப்பிள்ளையை அழைத்துவந்தவர்கள் சரம் கொளுத்தியிருந்தார்கள். திரும்பி வந்தபோது பெண்வீட்டுக்காரர் இலையை மூடியிருந்தார். எங்கள் பக்கம் பந்தியில் பாதியில் எழுந்துபோவது சின்ன விஷயமில்லை. சோற்றில் குறை சொன்னதற்கு மேல் அது. அந்த வீட்டார் அப்புறம் அவரிடம் வண்டி விடவே இல்லை. அவருக்கு அது வருத்தமாக இருந்தது. ஆனால் திருந்தினாரா என்றால் இல்லை.

சரி, அந்தப் படபடவில் அப்படி என்னதான் இருந்தது? நானும் ஒருநாள் சிடுசிடுத்துக் கேட்டேன். "சைலன்சர் வெடிச்சா வெடிச்சிட்டுப் போவுது. உனக்கின்னா அதுல?"

அவர் என் மிஷினில் கிடந்த ஜாக்கெட்டை எடுத்தார். கையில் எண்ணெய்க் கறை. எனக்குப் பகீரென்றது. நல்லவேளை, ஓரத்தைத்தான் பிடித்தார்.

"இதுக்கு முதுகுக் கழுத்த நல்லா எறக்கி வைக்கச் சொல்றாங்கன்னு வையி. கழுத்த மட்டும் எறக்கிட்டுக் குடுத்துடுவியா?"

"குடுத்தா தோளு நிக்காது, நழுவிடும். தோளையும் கொறைக்கணும்."

"அதேதாம்மா. கம்பெனிக்காரன் பின்னால எவ்ளோ அடைச்சிக்கீறானோ அதுக்குத் தக்கனதான் முன்னால பெட்ரோல் வுடறான். இந்தப் பசங்க மெட்ராஸ்லேர்ந்து தொறந்த பைப்பா வாங்கியாந்து மாட்டிக்கறானுங்க. பொக சட்டுனு வெளில பூடுது, காத்து ஜாஸ்தியா உள்ள வருது, பெட்ரோல் மட்டும் பழைய அளவுதான். காத்தத் தின்னுக்கினு எரியுது, அதான் அந்தப் படபட. சூடு ஏறும். ஏறி ஏறி ஒருநாள் ஓட்டத்துலயே பிஸ்டன் புடிச்சிக்கும். பின் சக்கரம் அப்டியே நிக்கும். பின்னாடி கிரஷர் லாரி வருதுன்னு வையி..."

சாலையைப் பார்த்தார்.

பின்னால் திறந்தால் முன்னாலும் திறக்க வேண்டும். இதுதான் அவருடைய வேதம். புது சைலன்சர் மாட்ட யார் வந்தாலும் கார்பரேட்டரைக் கழற்றாமல் மாட்டமாட்டார். பெட்ரோல் ஊறிவரும் பித்தளைப் பொட்டு ஒன்று உள்ளே இருக்கிறது, கம்மல் திருகாணி அளவு, அதில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. ஜெட் என்பார்கள். அதை எடுத்துவிட்டு ஓட்டை கொஞ்சம் பெரிதான ஒன்றைப் போடுவார். பிறகு ஊசியைக் கொஞ்சம் தூக்கி வைப்பார், காற்றுத் திருகைத் திருப்புவார், சைலன்சர் வாயை அடைக்கும் கேஸ்கெட் வளையத்தில் காற்றுக் கசிந்து ஊதுகிறதா என்று கையை வைத்துப் பார்ப்பார். பிறகு ட்ரையல். அதுதான் பையன்களுக்கு ஆகாது. ஏரிக்கரை தாண்டி, திருமுக்கூடல் பாலம் வரைக்கும் விரட்டிக்கொண்டு போய், ஓட்டத்திலேயே என்ஜினை நிறுத்தி, ரோட்டோரம் உட்கார்ந்து, உள்ளே தீப்பொறி போடும் ப்ளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்ப்பார். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் குறைவு. டீ நிறத்தில் இருந்தால்தான் சரி. சரியில்லை என்றால் திரும்பி வந்து இன்னொரு ஜெட், இன்னொரு ட்ரையல். வண்டிக்காரன் காலையில் விட்டுவிட்டு என் கடை வாசலில் சாயங்காலம் வரை நகம் கடித்துக்கொண்டிருப்பான்.

என் தம்பி சதீஷ் அப்படிக் காத்திருக்கிற ஜாதி இல்லை. பொறுமை என்பது எங்கள் குடும்பத்திலேயே கிடையாது. அப்பா இல்லாத வீடு, அம்மாவும் நானும் அவனும். அவனுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் வந்தாலும் ஏறமாட்டான், பழைய நூற்றைம்பது சிசி பைக்கில்தான் போவான். ஒருநாள் சென்னைக்குப் போய்ப் பளபளவென்று ஒரு பைப் வாங்கிக்கொண்டு வந்தான். அண்ணனிடம் கொடுத்து, "ஷிப்ட்டுக்கு டைம் ஆவுது, சும்மா மாட்டிக் குடுண்ணா" என்றான்.

"சும்மாலாம் மாட்டக் கூடாது. வண்டிய வுட்டுட்டுப் போ. நாளைக்கி வா."

"ஜெட்டு கிட்டுலாம் வேணா. பைப்ப மட்டும் மாட்டு."

டீக்கடையில் சதீஷின் சிநேகிதர்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் யோசித்துப் பேசத் தெரியாதவர். "உனுக்கு வண்டி வேணாம்டா, சவுண்டுதான் வேணும். அதுக்கு ஒரு தகர டப்பாவ கயித்துல கட்டி இயுத்துக்கினு போ" என்றார். சிநேகிதர்கள் சிரித்துவிட்டார்கள். நைனாவும் சிரித்தார். தகரத்துக்கு இந்தப் பக்கம் நானும்தான் சிரித்தேன்.

சதீஷுக்கு முகம் கறுத்துவிட்டது. செங்கல்பட்டில் யாரிடமோ போய் மாட்டிக்கொண்டு வந்தான். பைப்பை மட்டும். வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே சொன்னான்: "அந்தாளு என் வண்டி மேல கைய வச்சான்னா ஒடிச்சிடுவேன். நீயும் போயி ஏதாவது சொன்ன, அப்புறம் நான் மனுசனா இருக்கமாட்டேன்."

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போனது. சதீஷ் என் கடையைத் தாண்டித்தான் வேலைக்குப் போவான். டீக்கடைக்கு முன்னால் ஒரு வேகத்தடை. அங்கே ஆக்ஸிலேட்டரை விடுவான். படபடபட. தகரத்துக்கு அந்தப் பக்கம் ஸ்பேனர் விழும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அண்ணன் என் வாசலில் நிற்பார்.

"கேட்டுச்சாமா?"

"கேட்டுது."

"நேத்திக்கி மேல இன்னிக்கி ஜாஸ்தி."

நான் மிஷினை வேகமாக மிதிப்பேன். சதீஷிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் மனசு அடித்துக்கொள்ளும். பிளவுஸில் கை மாற்றித் தைத்துவிடுவேன், பிரித்துத் திரும்பத் தைப்பேன். அவன் வீடு வந்து சேரும் நேரத்துக்கு என் கால் தையல் மிஷினில் நிற்காது. அந்த நாட்களில்தான் சாலவாக்கம் பக்கத்துப் பையன் ஒருவனின் பைக் ஓட்டத்திலேயே பிடித்துக்கொண்டு, அவன் தூக்கியெறியப்பட்டுத் தோள்பட்டை எலும்பு உடைந்து கிடந்தான். அவனும் பைப்பை மட்டும் மாற்றியவன்தான். அண்ணன் அந்தச் சேதியைச் சொல்லும்போது கோபத்தில் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "சதீஷ்கிட்ட சொல்லுமா" என்றார். சொன்னேன். "அவனுக்கு ஓட்டத் தெரியல" என்றான் சதீஷ்.

ஒரு காலையில் அண்ணன் செய்தித்தாளில் சுற்றிய எதையோ என் மிஷின்மேல் வைத்தார். பிரித்தால் ப்ளக் ஸ்பேனர்.

"தம்பி இந்த வாரம் நைட் ஷிப்ட் முடிச்சி மத்தியானம் தூங்குவான் இல்ல? வண்டி ஆறினப்புறம் ப்ளக்கு மேல கீற தொப்பியப் புடுங்கிட்டு இத மாட்டி இப்டித் திருப்பு. ப்ளக்கு வரும். மொனை இன்னா கலர்னு மட்டும் பாத்துச் சொல்லு. மறுபடி மாட்டிடு. ரொம்ப இறுக்காத."

"நான் இன்னா மெக்கானிக்கா?"

"நீ டைலருமா. கலர் பாக்கத் தெரியும்."

அன்று மதியம், என் தம்பி உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருக்க, வீட்டுக்குப் பின்னால் வண்டி நிற்கும் மாட்டுக்கொட்டகையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ப்ளக்கைக் கழற்றினேன். முனை வெளுத்திருந்தது. சைலன்சரின் வளைவுக் குழாய் தீய்ந்த சட்டி போல நீலம் பாய்ந்திருந்தது. கடைக்கு ஓடிவந்து சொன்னேன்.

"வெள்ளையா கீதுண்ணா."

"எப்டி வெள்ளை? பால் வெள்ளையா, சுண்ணாம்பு வெள்ளையா, அழுக்கு வெள்ளையா?"

எனக்கு எரிச்சல். வெள்ளையில் என்ன வகை என்று கேட்கிறார் மனுஷர். ஆனால் என் தொழிலிலும் அதே கேள்விதானே. நூல் பெட்டியை இழுத்து, ஒவ்வொரு கண்டாக எடுத்துப் பார்த்து, கண்ணில் நின்ற நிறத்துக்குச் சரியாக ஒரு நூலை முழம் போட்டு அறுத்துக் கொடுத்தேன். அவர் அதை விரலில் சுற்றி வெயிலில் பிடித்தார். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. அந்தக் கால் நின்று நான் பார்த்தது அப்போதுதான்.

"நாள் தள்ளக் கூடாதும்மா" என்றார்.

மறுநாள் மதியம் எங்கள் வீட்டுக்குப் பின்பக்கமாக வந்தார். பையில் நான்கைந்து ஜெட், ஒரு திருப்புளி, துடைக்கத் துணி. அம்மா முன்வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அம்மாவிடம் எதையும் நான் விளக்கவில்லை. "இன்னா பண்றீங்களோ சீக்கிரம் பண்ணுங்க. அவன் பொரண்டு பொரண்டு படுக்கறான்" என்றாள்.

அவர் கை வேலை செய்வதை அன்றுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நிலைகொள்ளாத மனுஷரின் கை அல்ல அது. கார்பரேட்டரை ஒரு சத்தமும் இல்லாமல் கழற்றினார். அடியில் நின்ற பெட்ரோலைக் கிண்ணத்தில் வடித்தார். பழைய ஜெட்டை எடுத்துத் தீப்பெட்டியில் போட்டார், நூலை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுப் புது ஜெட்டைத் தேர்ந்தெடுத்தார். காற்றுத் திருகுக்கு வந்தபோதுதான் தவித்துவிட்டார்.

"இத வண்டி ஓடறப்ப கேட்டுக் கேட்டு வைக்கணும்மா. ஸ்டார்ட் பண்ணாம வைக்கறது, தூங்கற கொயந்தைக்கு சட்டை அளவு எடுக்கற மாதிரி கீது."

"எடுத்திருக்கேண்ணா நான். கொஞ்சம் தாராளமா வச்சா சரியா இருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். சாலையை அல்ல, என்னை. பிறகு திருகை அரைச் சுற்று தாராளமாகத் திருப்பினார்.

அப்போது உள்ளே பாய் சரசரத்தது. சதீஷ் எழுந்துவிட்டான். அண்ணன் கார்பரேட்டரை மடியில் கட்டிக்கொண்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போய்விட்டார். நான் கையில் கிடைத்த ஜாக்கெட் துணியைப் பெட்ரோல் கிண்ணத்தில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். சதீஷ் கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்வாசலுக்கு வந்து, பானையில் தண்ணீர் மொண்டு குடித்தான்.

"இன்னாக்கா பெட்ரோல் நாத்தம்?"

"மிஷின் எண்ணெ பட்டுடிச்சி, கறை எடுக்கறேன். நீ போயி படு."

தையற்காரர்கள் எண்ணெய்க் கறையைப் பெட்ரோல் வைத்து எடுப்பது அவனுக்குத் தெரிந்ததுதான். தலையைச் சொறிந்துகொண்டு போய்ப் படுத்தான். வண்டியின் வயிறு திறந்துகிடந்ததை அவன் பார்க்கவே இல்லை. வைக்கோல் போருக்குப் பின்னால் பெரியவர் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டு அவர் போகாமல் நின்றார். வண்டியின் டேங்கைத் தடவினார். "ட்ரையல் பாக்காம நான் ஒரு வண்டிய அனுப்பனதே இல்ல" என்றார். அழுதுவிடுவார் போல இருந்தது.

அன்று சாயங்காலம் சதீஷ் வேலைக்குப் புறப்பட்டான். நான் கடையில், அண்ணன் டீக்கடை பெஞ்சில். வேகத்தடை வந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டான். படபட இல்லை. கனமாக, அடங்கிய குரலில் உறுமிவிட்டுத் தடையில் ஏறி இறங்கிப் போனது. நான் ஓடிப்போய் அண்ணன் முகத்தைப் பார்த்தேன், சந்தோஷப்படுவார் என்று. எங்கே? டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். "சத்தம் நல்லா கீது. ஆனா ப்ளக்கு பாக்கணுமேம்மா."

மறுபடி ஸ்பேனர், மறுபடி கொட்டகை. இந்தமுறை சொன்னேன்: "டீ கலர்ல கீதுண்ணா."

"யார் கடை டீ?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். கொட்டைப்பாக்கு நிறத்தில் ஒரு நூலை எடுத்துக் கொடுத்தேன். விரலில் சுற்றி, வெயிலில் பிடித்து, பெருமூச்சு விட்டார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து வந்து நிற்கிறார்: "நேத்து மய பேஞ்சிதும்மா. காத்து குளுந்து போச்சின்னா அளவு மாறும். இன்னொரு தபா பாக்கறியா?"

சதீஷுக்கு எதுவும் தெரியாது. "பாத்தியாக்கா, கொஞ்ச நாள் ஓடனா பைப்பு தானா செட் ஆயிடும்னு கடைக்காரன் சொன்னான், ஆயிடிச்சி. அந்தாளு இன்னாமோ பெருசா பேசனான்" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். அம்மா என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

எத்தனை நாள் போயிருக்குமோ, அப்புறம் ஒருநாள் சத்தம் போடும் பைப்புகளை எல்லாம் போலீஸார் வண்டி வண்டியாக நிறுத்திக் கழற்றினார்கள். வரிசையாகத் தரையில் போட்டு ரோடு ரோலரை ஏற்றினார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. அதில் சதீஷின் பளபளப்புப் பைப்பும் அப்பளமாகிவிட்டது. அண்ணனும் கூட்டத்தில் நின்றார். நசுங்குவதைப் பார்த்து அவர் வருத்தப்படவில்லை. நசுங்கும் பைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வேறு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"இது அந்த மானாம்பதி பையன்து. இது புக்கத்துறை. எல்லா வண்டிலயும் என் ஜெட்டு கீது. இனிமே பழைய சைலன்சர மாட்டிக்கினு ஓட்டுவானுங்க, கரி கரியா எரியும். எல்லாத்தையும் திருப்பி எடுக்கணும்மா."

அடுத்த வாரம் முழுக்க ஷெட் பூட்டிக் கிடந்தது. ஊர் ஊராகப் போய் வண்டிகளைத் தேடிப் பிடித்து அவர் போட்ட ஜெட்டுகளை எடுத்து, பழையதைப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். சில வீடுகளில், கேட்காமலே வந்து நிற்கிற ஆளைப் பார்த்து நாயை அவிழ்த்துவிட்டார்களாம். ஒரு வண்டிக்கு மட்டும் அவரால் போக முடியவில்லை; சதீஷுக்கு அப்போது பகல் ஷிப்ட், மதியத்தில் வண்டி வீட்டில் இருக்காது. அது தினமும் அவர் கண்ணெதிரே கறுப்புப் புகை விட்டுக்கொண்டு வேகத்தடை ஏறி இறங்கியது.

"ஆபத்து ஒண்ணும் இல்ல" என்பார் என்னிடம். சொல்லிவிட்டு ஷெட்டுக்கும் சாலைக்கும் நடப்பார். "ஆனா என் கை போட்டது. என் கைதான் எடுக்கணும்."

பெட்ரோல் தண்ணீராகக் குடிக்கிறது என்று சதீஷ் வாலாஜாபாத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டியிருக்கிறான். சாயங்காலம் நேராக என் கடைக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து சின்னப் பித்தளைப் பொட்டு ஒன்றை எடுத்து என் மிஷின் பலகையில் வைத்தான். அவன் நிற்கும் விதத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இது பெரிய ஜெட்டாம். யாரோ அந்தப் பைப்புக்கு அளவெடுத்து போட்டுக்கீறான்னு சொல்றான். இது மட்டும் இல்லன்னா உன் என்ஜின் எப்பவோ பூட்டிருக்கும், நீயும் போயிருப்பன்றான்." ஜெட்டை விரலால் உருட்டினான். "அன்னிக்கி பெட்ரோல் நாத்தம்."

தகரத்துக்கு அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

நான் வாயைத் திறந்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். எட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன். ஆனால் அவன் கத்தவில்லை. அந்த ஜெட்டைத் திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். "இப்போதைக்கி வேற ஏதோ ஒண்ண போட்டு அனுப்பனான். வண்டியோட வந்த பழைய ஜெட்டு யார்கிட்ட கீதோ அவங்ககிட்டயே போயி வாங்கிப் போடுன்னான் அந்த மெக்கானிக்கு" என்றான். "நீ வாங்கிக் குடுக்கறியா?"

"நான் ஏன்? நீ போயி கேளு. ஒரு தகரந்தான் நடுவுல."

போகவில்லை. வீட்டுக்குப் போய்விட்டான். அன்று ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு நேராகப் போய்ப் படுத்துக்கொண்டான். அவனுக்கு நல்லது செய்தேனா, அவனைத் தலைகுனிய வைத்தேனா என்று தெரியாமல் தவித்தேன்.

காலையில் நான் கடை திறக்க வந்தபோது ஷெட் வாசலில் சதீஷின் பைக் நின்றிருந்தது. சாவி அதிலேயே. சீட்டின்மேல், காற்றில் பறக்காமல் இருக்கக் கல்லுக்கு அடியில் காகிதத்தில் மடித்து அந்த ஜெட். அவன் கம்பெனி பஸ்ஸில் போயிருந்தான். அண்ணன் வந்து, வண்டியைச் சுற்றி வந்தார், தொடவில்லை. என்னிடம் வந்தார்.

"தம்பி வச்சிட்டுப் போனானா, இல்ல நீ கொண்டாந்தியா?"

"சத்தியமா நான் இல்லண்ணா."

அன்று அவர் போன ட்ரையல்! நான் பூஜை வைத்துக் கடை திறக்கும்போது போனவர், மதியச் சாப்பாட்டுத் தூக்கு ஆறி, அண்ணி வந்து உட்கார்ந்து எழுந்து போன பிறகும் வரவில்லை. சாயங்காலம் சதீஷ் பஸ்ஸில் இறங்கி ஷெட் வாசலில் நின்றான். உட்காரவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கினான். அவனைப் பார்த்து நைனா, "இதே மாதிரி இன்னொண்ணா?" என்று முனகினார். அண்ணன் வந்து வண்டியை நிறுத்தினார்.

"எவ்ளோ தூரம்ணா போன?"

"திருமுக்கூடலு, வாலாஜாபாத்து. ஒரகடம் வரைக்கும் போயிட்டேன்."

"அது நான் தெனம் போற ரோடு."

"தெரியும். அதான்."

அவ்வளவுதான் பேசினார்கள். சதீஷ் சாவியை வாங்கிக்கொண்டான்.

அதற்கு அடுத்த ஆண்டு எனக்குத் தாமலில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணம் உத்திரமேரூரிலேயே. அண்ணனுக்குப் பத்திரிகை வைக்கப் போனபோது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவர பந்தில உக்கார வைக்காத பாப்பா. மாப்ள வூட்டாளுங்க முன்னாடி எயுந்து ஓடிடுவாரு, உனுக்குப் பேஜாரு. நான் வூட்டுக்கே வாங்கிப் போயிடறேன்" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. "அண்ணன் என் எதிர் இலையிலதான் உக்காரணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லிவிட்டேனே தவிர எனக்கும் பயம்தான்.

தாலி ஏறி, நாங்கள் பந்தியில் உட்கார்ந்தோம். எதிர் வரிசையில் அண்ணன், வெள்ளைச் சட்டையில், எண்ணெய்க் கறை போகாத விரல்களோடு. சதீஷ் சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தான். என் மாமியார் பக்கத்தில். அண்ணன் சாம்பாரைப் பிசைந்தார். இரண்டாவது வாய்.

வெளியே ஒரு பைக். ஆக்ஸிலேட்டரை விட்டான் எவனோ. படபடபட.

இந்தமுறை பட்டாசு இல்லை. எனக்கே தெரிந்தது. அவர் கை நடுவழியில் நின்றது. இலைக்கு அடியில் கால் ஆட ஆரம்பித்தது. முகம் வியர்த்தது. பாதி எழுந்துவிட்டார். என் மாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

"ணா." சதீஷ் அண்ணன் தோளில் கையை வைத்து அழுத்தினான். எந்தக் கையை ஒடிப்பேன் என்றானோ அந்தக் கை அவன் முன்னால் சோற்றோடு நின்றுகொண்டிருந்தது. "நீ உக்காந்து சாப்புடு. நான் பாக்கறன்."

சாம்பார் வாளியோடு வாசலுக்கு ஓடினான் என் தம்பி. வேட்டி தடுக்க, சாம்பார் சிந்த, "டேய், நிறுத்துடா! வண்டிய நிறுத்து!" என்று அவன் கத்துவது பந்தி முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் மெல்ல உட்கார்ந்தார். காது வாசலில் இருந்தது, ஆனால் ஆள் இலையில் இருந்தார். ரசம் வாங்கிக்கொண்டார். பாயசம் வாங்கிக்கொண்டார். மோர்ச்சோறு வரைக்கும் வந்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தாய்வீட்டைப் பிரியும் பெண் அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

அவர் இலையை மூடும் நேரத்துக்கு சதீஷ் திரும்பி வந்தான். வேட்டியெல்லாம் மஞ்சள், விரலெல்லாம் கரி. அவர் பக்கத்தில் குனிந்தான்.

"கேஸ்கெட்டுதான்ணா ஊதுது. மாப்ளையோட சித்தப்பா பையன். ப்ளக்கையும் கயட்டிப் பாத்துட்டேன், ஒண்ணும் பயமில்ல. டீ கலர்ல கீது."

அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"யார் கடை டீ?" என்றார்.